போர்வையின் கீழடுக்கு

அந்தத் தெருவில் அவளுக்குப் பேர் போர்வைக்காரம்மா. அவள் வீட்டுக்காரருக்குப் பேர் இன்ஸ்பெக்டர். அவர் போலீஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. லேத்துப் பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் இரும்பு கடைந்த மனுஷர். அந்தப் பேரை வைத்தவள் பெண்டாட்டிதான். ஏன் வைத்தாள் என்று தெரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் முக்கால்வாசி இடத்தைத் தறி அடைத்துக்கொண்டு நிற்கும். வருகிறவர்கள் கதவைத் திறந்ததும் முதலில் முட்டிக்கொள்வது அதில்தான். ஒரு நெசவுப் பயிற்சிக்கூடத்தை இழுத்து மூடியபோது கழித்துப்போட்ட சாமான்களில் அதுவும் ஒன்று. அவர் அதைக் கழற்றி எடுத்துவந்து, நட்டு போல்ட்டெல்லாம் புதிதாகக் கடைந்து பூட்டிக்கொடுத்தார். அந்த வீட்டில் துணி என்று எது தொங்கினாலும், எது விரித்திருந்தாலும் அந்தத் தறியில் அவள் நெய்ததுதான். அடுப்பில் ஒன்று கொதித்துக்கொண்டிருக்கும்போது இங்கே நாலு விரற்கடை நெய்துவிட்டுப் போய் மூடியைத் திறப்பாள். "நாம வீட்டுக்குள்ள தறி வெச்சிருக்கோமா, இல்ல தறிக்குள்ள குடியிருக்கோமா?" என்று மகள் பள்ளிக்கூடம் போகிற வயசில் கேட்டிருக்கிறாள்.

தறியில் ஒரு குறை. அகலம் பத்தாது. துண்டு நெய்யலாம், திரை நெய்யலாம், ரெண்டு பேர் போர்த்துகிற போர்வை நெய்ய முடியாது. அதற்கு ஒரு வழி உண்டு. நெடுக்கே ஓடுகிற பாவு நூலை மேலே ஒரு அடுக்கு, கீழே ஒரு அடுக்கு என்று ரெண்டாகப் பிரித்து, குறுக்கு நூலை ஓட்டுகிற ஒரே நாடாவைக் கொண்டு ரெண்டையும் ஒரே நேரத்தில் நெய்துகொண்டே போக வேண்டும். ஒரு ஓரம் ஒட்டியிருக்கும், மறு ஓரம் பிரிந்திருக்கும். நெய்து முடித்து, அறுத்தெடுத்து, நோட்டுப் புத்தகத்தைப் பிரிக்கிற மாதிரி விரித்தால் இரண்டு மடங்கு அகலம். மிதிக்கிற காலுக்குக் கணக்கு மேல், கீழ், கீழ், மேல். அவ்வளவுதான், கேட்க சுலபம்.

முதல் போர்வையில் அவள் மேல், கீழ், மேல், கீழ் என்று மிதித்துத் தொலைத்தாள். ஒரு மாச உழைப்பு. அறுத்தெடுத்து விரிக்கப் பார்த்தால் ரெண்டு ஓரமும் ஒட்டிக்கொண்டு கோணிப்பையாக வந்து நிற்கிறது. அவள் அழப்போன நேரத்தில் அவர் அதற்குள் நுழைந்து கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு கூடத்தைச் சுற்றிக் குதித்துக் குதித்து வந்தார். "முதலாளி, அளவு கச்சிதம். கை வெக்கத்தான் மறந்துட்டே" என்றார். அவளை அவர் முதலாளி என்றுதான் கூப்பிடுவார். மகள் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துப் படுத்தாள்.

மறுநாளே அவர் ஒரு பழைய வண்டியின் சைடு மிரரைக் கழற்றி, திரைக்கம்பி ஒன்றின் நுனியில் பற்றவைத்துக் கொண்டுவந்தார். ஏனென்றால் இந்த வேலையில் இருக்கிற வில்லங்கமே கீழடுக்குதான். மேலடுக்கில் ஒரு இழை அறுந்தால் கண்ணில் பட்டுவிடும், முடிச்சுப் போட்டுவிடலாம். கீழடுக்கில் அறுந்தால் நெய்கிறவளுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே அவள் ஒரு சாண் நெய்ததும் அவர் தறிக்குப் பக்கத்தில் குந்தி, கண்ணாடியை அடியில் நீட்டி, கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பார். சுத்தமாக இருந்தால் "சரி முதலாளி, ஓட்டு." இல்லாவிட்டால் "நில்லு." அவர் நில்லு என்று சொல்லிவிட்டால் அடுத்த இழை ஓடாது. அதனால்தான் இன்ஸ்பெக்டர். முப்பது வருஷத்தில் நாற்பத்தோரு போர்வை. கீழடுக்கில் பழுதுள்ளது ஒன்றுகூட அந்த வீட்டை விட்டு வெளியே போனதில்லை.

எட்டு மாசத்துக்கு முன்னால் ஒரு காலையில் அப்படிக் குந்தியிருந்தவர் அப்படியே சாய்ந்தார். கண்ணாடி அவர் கையிலிருந்து உருண்டு சுவரில் மோதி உடைந்தது. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு அடியோடு போய்விட்டது. மிச்சமிருந்தது ஒரு "ஆ" மட்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் முகத்துக்கு நேரே குனிந்து, "வாயைத் திறங்க" என்றார். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்றது அவருக்குப் போய்ச் சேரலைம்மா. சத்தம் வந்தா அது வெறும் சத்தம். அதுல அர்த்தம் தேடி மனசைக் கெடுத்துக்காதீங்க" என்றார் டாக்டர்.

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "அவருக்கு எல்லாம் புரியுது" என்று அடித்துச் சொன்னாள். தனியாக இருக்கும்போது மட்டும் வெறும் ஸ்பூனை அவர் வாய்க்கு நேரே பிடித்து, "நான் சொல்றது புரிஞ்சா வாயைத் திறங்க பார்ப்போம்" என்பாள். அவர் திறக்க மாட்டார். வெறும் ஸ்பூனுக்கு எந்த மனுஷன்தான் வாயைத் திறப்பான். ஆனாலும் மறுநாளும் அவள் ஸ்பூனை எடுப்பாள்.

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரியே கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். மறுநாள் தச்சரைக் கூப்பிட்டுக் கட்டில் கால்களை ஒரு சாண் விட்டு மிச்சத்தை அறுத்துப்போட்டார்கள். இனி விழுந்தாலும் அடிபடாது. கண்பார்வையிலேயே இருக்கட்டும் என்று கட்டிலைத் தறியை ஒட்டிப் போட்டாள். அதுதான் வீட்டில் இருந்த ஒரே இடமும்கூட.

தூக்கி உட்கார வைப்பது, துடைப்பது, புரட்டுவது எல்லாம் அவள்தான். ஆள் எலும்பும் தோலுமானாலும் கனம் குறையவில்லை. ஒருமுறை குளியலறையில் ரெண்டு பேரும் சேர்ந்து வழுக்கி விழுந்து, மாடி வீட்டுக்காரர் வந்து தூக்கும்வரை முக்கால் மணி நேரம் ஈரத்தரையில் கிடந்தார்கள். அதிலிருந்து அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தால் நிமிர முடியாது, உட்கார்ந்தால் எழ முடியாது.

மகள் ரெண்டு பஸ் மாறி வந்தாள். "அம்மா, ஒரு நல்ல இல்லம் பாத்து வெச்சிருக்கேன். ஆள் இருக்காங்க, நர்ஸ் இருக்காங்க. நீயும் படுத்துட்டா நான் ரெண்டு பேரை எங்க வெச்சுப் பாப்பேன்?"

"உங்கப்பாவை எங்கேயும் அனுப்ப மாட்டேன். புரியாத ஆளா இருந்தாலாவது பரவாயில்ல. புரிஞ்சுக்கிட்டு அங்க கிடப்பாருடி."

மகள் அப்பாவின் வலது கையை எடுத்துத் தேய்த்துவிட்டாள். அவளும் அந்த வீட்டுப் பெண்தானே. கடைசியில், "குளிர் வருது, அப்பாவுக்கு வலது பக்கம் வெறைக்குதுன்னு போர்வை போடப்போறேன்னியே. அது முடியுற வரைக்கும் பாக்கலாம். அதுவரைக்கும் வீடு அமைதியா ஓடிச்சுன்னா நான் அப்புறம் வாயே திறக்கல. ஓடலைன்னா நீ என் பேச்சைக் கேக்கணும்" என்றாள்.

போர்வைக்காரம்மா சரி என்றாள். அமைதிக்கு என்ன குறைச்சல்? அவர் சத்தமே போடுகிறதில்லை. தறி ஓடினால் தலையைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டு கிடப்பார். நாற்பத்திரண்டாவது போர்வை. சாம்பல் நிறக் கம்பளி நூல், ரெண்டு பக்கமும் செருகிக்கொள்கிற அகலம். அன்றைய வேலை முடிந்ததும் துணி ஓரத்தில் ஒரு சிவப்பு நூலைக் கோத்து முடிச்சிடுவாள். எந்த நாளில் எவ்வளவு ஓடியது என்று பார்ப்பதற்கு அது அவள் பழக்கம். மேல், கீழ், கீழ், மேல். ரெண்டு முடிச்சு விழுந்தது. கீழடுக்கைப் பார்க்க ஆள் இல்லைதான். முப்பது வருஷத்துக் கால் தப்பு பண்ணாது என்று இருந்துவிட்டாள். இடுப்பு இருக்கிற இருப்பில் அவள் அடியில் குனிந்து பார்க்கிற வித்தையெல்லாம் நடக்காது.

மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவர் திடீரென்று "ஆ" என்றார். அவள் நாடாவைக் கையில் பிடித்தபடி திரும்பினாள். எட்டு மாசத்தில் அப்படி ஒரு சத்தம் வந்ததில்லை.

"என்னங்க? தண்ணி வேணுமா?"

தண்ணீர் கொடுத்தாள். துப்பினார். தலையணையை மாற்றினாள். அடித்துணியைப் பார்த்தாள், ஈரமில்லை. ஃபேனைப் போட்டாள், நிறுத்தினாள். கொஞ்சம் அடங்கினார். சரி என்று போய் மிதியில் காலை வைத்தாள். மறுபடி "ஆ, ஆ" என்று ஆரம்பித்தார். இந்தத் தடவை இடது கையைத் தூக்கித் தறியின் அடியைக் காட்டினார்.

ஏதோ விழுந்திருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கையால் சட்டத்தைப் பிடித்துக் குனிந்து தரையைத் துழாவினாள். ஒரு வெறும் நூல்கட்டை அகப்பட்டது. மலையைப் பெயர்த்துவந்த பெருமையோடு அதைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தாள். "இதுக்குத்தானா இத்தனை கூப்பாடு?" அவர் அந்தக் கட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் குனிந்தவள் தரையைத்தான் பார்த்தாள். தலையைத் திருப்பி மேலே பார்க்கவில்லை.

புதன், வியாழன் ரெண்டு நாளும் இதே கதைதான். தறி ஓடினால் கத்துவார், நின்றால் அடங்குவார். வியாழக்கிழமை அவளுக்கு விஷயம் புரிந்துவிட்ட மாதிரி இருந்தது. அவருக்குத் தறிச் சத்தம் ஆகவில்லை. மண்டைக்குள் என்ன இடிக்கிறதோ. "முப்பது வருஷமா கேட்ட சத்தம் இப்ப பிடிக்காமப் போச்சாங்க? உங்களுக்குத்தானே நெய்யுறேன்" என்று கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அவளைக் கீழே, தன் தலையணைப் பக்கம் இழுத்தார். ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். இடுப்பு வலி தாங்காமல் கையை உருவிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

சீக்கிரம் முடித்துவிட்டால் சத்தம் ஓயும், வீடு அமைதியாகும், மகளிடம் சொன்ன சொல் நிற்கும். இப்படிக் கணக்குப் போட்டு வெள்ளிக்கிழமை வெறி பிடித்தவள் போல் மிதித்தாள். அவர் தொண்டைத் தண்ணீர் வற்ற அலறினார். மாடி வீட்டுக்காரர் இறங்கிவந்து வாசலில் நின்றார். நல்ல மனுஷர், குறை சொல்லவில்லை. "மகளுக்கு ஒரு போன் போட்டுட்டேம்மா, தப்பா நினைக்காதீங்க" என்றார்.

மகள் ஒரு நர்ஸம்மாவோடு வந்தாள். நர்ஸம்மா அவர் நாடியைப் பிடித்துப் பார்த்து, டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு, ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தாள். "இப்படி வர்றது உண்டும்மா. சும்மா கத்துவாங்க. காரணமே இருக்காது."

சனிக்கிழமை அவர் கத்தவில்லை. அவள் நெய்தாள். அவர் தலையைத் திருப்பித் தறியின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரத்தில் நீர் வழிந்தது. மாத்திரை போட்டால் கண்ணில் நீர் வரும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தாள். அவள் துடைத்துவிட்டாள். மத்தியானத்துக்கு மேல் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை இல்லத்திலிருந்து கார் வந்தது. சொன்ன சொல்லை அவளால் மீற முடியவில்லை. ரெண்டு ஆட்கள் அவரைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி சுலபமாகத் தூக்கினார்கள். அதைப் பார்த்தபோதுதான் தன்னால் ஆகாது என்பது அவளுக்கே உறைத்தது. "போர்வை முடிச்சு எடுத்துட்டு வர்றேன். நாலே நாள்" என்று அவர் காதில் சொன்னாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

வெறும் வீட்டில் மூன்று நாள் உட்கார்ந்து மிச்சத்தை நெய்து முடித்தாள். வியாழக்கிழமை காலை கத்தரியால் பாவு நூலை அறுத்து, துணியை உருட்டி இறக்கி, கட்டில் காலியாகக் கிடந்ததால் அதன்மேலேயே விரித்தாள். மேலடுக்கு கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. மடிப்பைப் பிரித்துக் கீழடுக்கைத் திருப்பினாள்.

கீழடுக்கில் ஒரு இழை இல்லை. நெடுகச் சீப்புப்பல் விழுந்த மாதிரி ஒரு சந்து. அறுந்த நூல்முனை ஒரு முழ நீளத்துக்கு வெளியே தொங்கியது. அதை ஒட்டி இன்னொரு சந்து, கொஞ்சம் தள்ளித் தொடங்கியது. அதற்கும் பிறகு மூன்றாவது. இழைகளைப் பிரித்து நிறுத்துகிற அச்சில் ஒரு பல் பிசிறடித்து நூலை அறுத்திருக்கிறது. வேறு ஒன்றுமில்லை. பத்து நிமிஷ வேலை, அரத்தால் ராவிவிட்டால் போயிற்று.

அவள் விரலால் முதல் சந்தைத் தொட்டு, அது தொடங்குகிற இடம்வரை போனாள். பழக்க தோஷம், ஓரத்தில் இருந்த சிவப்பு முடிச்சுகளை எண்ணினாள். ஒன்று, ரெண்டு. ரெண்டாவது முடிச்சைத் தாண்டி நாலு விரற்கடையில் தொடங்குகிறது. செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

ரெண்டாவது சந்து வெள்ளிக்கிழமை நீளத்தில் தொடங்கியது. அவர் தொண்டை கிழிய அலறிய அன்று. மூன்றாவது சனிக்கிழமையில் இருந்தது. அன்றைக்கு அவரால் கத்த முடியவில்லை.

அவள் மெல்ல அந்தக் குட்டைக் கட்டிலில் படுத்தாள். அவர் தலை வைத்த பள்ளத்தில் தலையை வைத்து இடது பக்கம் திரும்பினாள். தறியின் வயிறு முழுசாகத் தெரிந்தது. இந்தப் போர்வை தொடங்கிய நாளிலிருந்து கீழடுக்கு அவர் முகத்துக்கு நேரேதான் ஓடியிருக்கிறது. கண்ணாடியே வேண்டாம். அறுந்த நூல் அவர் கண்ணுக்கு எதிரே தொங்கி ஆடியிருக்கும். மனுஷர் நில்லு, நில்லு என்று நாலு நாள் கத்தியிருக்கிறார். கையைப் பிடித்து, வந்து படுத்துப் பார் என்று இழுத்தும் இருக்கிறார். இவள் அவருக்கு நூல்கட்டையைக் கொடுத்தாள், மாத்திரையைக் கொடுத்தாள், காரில் ஏற்றி அனுப்பினாள்.

மகளுக்குப் போன் போட்டாள். வார்த்தை கோர்வையாக வரவில்லை. ரெண்டு தடவை சொல்லித்தான் மகளுக்குப் புரிந்தது. அந்தப் பக்கம் மகள் அழுவது கேட்டது.

"அப்பாவைக் கூட்டிட்டு வந்துடலாம்டி."

"சரிம்மா. அவருக்கு எல்லாம் புரியுது. நான் நம்புறேன்." மகள் மூக்கை உறிஞ்சினாள். "உன்னால அவரைத் தூக்க முடியுமா, சொல்லு."

கட்டிலில் படுத்தவள் இன்னும் எழ முடியாமல்தான் கிடந்தாள். இடுப்பு அப்படிப் பிடித்திருந்தது. புரிகிறது என்று நிரூபித்துவிட்டால் அவர் வீட்டிலேயே இருப்பார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அவர் கனத்துக்கும் அவர் புத்திக்கும் சம்பந்தமே இல்லை.

சாயந்திரம் போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போனாள். நீளமான அறை, எட்டுக் கட்டில், எல்லாம் இடுப்பு உயரம். ஜன்னலோரக் கட்டிலில் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். முகம் மழித்திருந்தார்கள், சட்டை சுத்தமாக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

"என்னங்க" என்றாள். அவர் திரும்பவில்லை.

அவள் போர்வையைப் பிரித்து, கீழடுக்கு அவருக்குத் தெரியும்படி ரெண்டு கையாலும் அவர் முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் இடது கை விரிப்பிலிருந்து எழுந்தது. மெதுவாக மேலே வந்து, துணியைத் தடவிக்கொண்டே போய், ஒரு விரல் மட்டும் அந்தச் சந்தில் சரியாக நின்றது.

"ஆ" என்றார்.

"ஆமாங்க. நின்னுட்டேன்" என்றாள் அவள். "பாத்துட்டேன். நீங்க சொன்னது சரிதான். நான்தான் கேக்கல."

அவர் மறுபடி "ஆ" என்றார். இன்னும் பலமாக, விரலைச் சந்தின்மேல் தட்டித் தட்டி. முகம் சிவந்து, கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. எட்டு மாசத்துப் பேச்சையும் ஒரே மூச்சில் பேசுகிறவர் மாதிரி அவர் நிறுத்தவே இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் முனகினார், இன்னொருவர் அழ ஆரம்பித்தார். பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் சின்னக் கிண்ணத்தோடு வேகமாக வந்தாள்.

"கத்த ஆரம்பிச்சுட்டாரா?"

"அவர் கத்தலம்மா. சொல்றார். இந்தப் போர்வையில ஒரு இழை அறுந்திருக்கு, அதைச் சொல்றார். பாருங்க."

அந்தப் பெண் போர்வையைப் பார்த்தாள். அவளுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு போர்வை, அவ்வளவுதான். "வீட்டுக்காரங்க எல்லாரும் இப்படித்தாம்மா சொல்வாங்க" என்றாள், ஆதரவாகத்தான் சொன்னாள். "மத்தவங்களும் தூங்கணும் இல்லையா? மாத்திரை போட்டா சரியாயிடும்."

மாத்திரையை அவர் உதட்டில் வைத்தாள். அவர் வாயை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினார். ரெண்டு தடவை முயன்றுவிட்டு அந்தப் பெண் போர்வைக்காரம்மாவைப் பார்த்தாள். "திறக்கலைன்னா ஊசிதான் போடணும். பாவம், கையெல்லாம் ஏற்கெனவே வீங்கிக் கெடக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்."

அவர் இடது கையின் உள்பக்கம் நீலம் பாய்ந்திருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். போர்வையை அவர் நெஞ்சுவரை இழுத்துவிட்டு, ரெண்டு பக்கமும் செருகினாள். அகலம் சரியாக இருந்தது. மாத்திரையைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"வாயைத் திறங்க" என்றாள்.

அவர் சத்தத்தை நிறுத்தினார். அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, அவள் சொன்னதற்காக, வாயைத் திறந்தார்.